மாசற்ற அலை

ஊரிலேயே பள்ளமான தெரு எங்கள் தெருதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வடிகால் வாரியமே அளந்து பார்த்து, பலகையில் எழுதி, தெருமுனையில் நட்டு வைத்திருக்கிறது. மழை எந்தப் பக்கம் பெய்தாலும் தண்ணீர் வழி கேட்டுக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்துவிடும். வந்த தண்ணீரை உறிஞ்சி அந்தப் பக்கத்து வாய்க்காலில் தள்ளுவதற்குத் தெருக்கோடியில் வாரியத்தின் பம்ப் நிலையம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு பம்ப். நல்ல பம்ப். குறை சொன்னால் வாய் வெந்துவிடும். அது ஓடுகிறவரை நாங்கள் மனிதர்கள், மின்சாரம் போய்விட்டால் தவளைகள். மழை வந்தால் மின்சாரம் போகும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் தெருவில் மெத்தைக்கடை வைத்திருக்கிறோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவர் பஞ்சு அடைப்பார், நான் உறை தைப்பேன். வெளியில் போய்ச் சண்டை போடவேண்டிய வேலை வந்தால் அதுவும் என் கணக்குதான். கணுக்கால் அளவு தண்ணீர் வந்தால் பக்கத்து இரும்புக்கடைக்காரருக்குத் தொல்லை, எதிர்வீட்டு டெய்லருக்குத் தலைவலி. எங்களுக்கு அது கருமாதி. மெத்தை இருக்கிறதே, அது தண்ணீரைப் பார்த்தால் மூச்சு விடாமல் குடிக்கும். போன மழையில் கடையிலிருந்த சரக்கெல்லாம் ஊறி, நான்கு பேர் சேர்ந்தும் ஒரு மெத்தையைத் தூக்க முடியாமல் தெருவில் இழுத்துப் போட்டோம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். "இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா கடைய இழுத்து மூடிடலாம். என்னால முடியல." அதிகம் பேசாத மனிதர். அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

தெருவே திரண்டு போய் வாரியத்தின் வாசலில் உட்கார்ந்தோம். பம்புக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. வாரியத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாசலில் யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் நான் மின்னாக்கி அளவு நிர்ணயக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி ஆனேன். ஜெனரேட்டருக்கு வாரியத்தில் மின்னாக்கி என்று பெயர்.

முதல் கூட்டத்துக்கு இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு மைக். குழுத் தலைவர் பேசுவதற்கு முன்னால் இருமுறை கனைப்பார். கனைத்து முடிக்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"பொதுமக்கள் பிரதிநிதி அவர்களே, ஒரு மின்னாக்கியை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். ஆனால் அதன் அளவை நிர்ணயிப்பதற்கு ஒரு குழு தேவைப்படுகிறது. அதற்காகத்தான் நாங்கள் பிறந்திருக்கிறோம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

பம்பின் மோட்டாரை ஓட்டுவதற்கு ஒரு டிரைவ் பெட்டி உண்டு. சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டி. மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளரை வரவழைத்திருந்தார்கள். என் தங்கை வயது இருக்கும். எழுந்து நின்று, எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்.

"மோட்டார நேரடியா ஆன் பண்ணினா, தூங்கறவன உலுக்கி எழுப்பின மாதிரி முதல் மூச்சுல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும் சார். டிரைவ் இருந்தா அந்தப் பிரச்சினை இல்ல, மெதுவா எழுப்பும். ஆனா டிரைவுக்கு வேற ஒரு பழக்கம். கரண்ட்ட சீரா குடிக்காது, கடிச்சுக் கடிச்சு இழுக்கும். ஜெனரேட்டர் ரொம்ப சின்னதா இருந்தா அதுல தடுமாறிப் போயிடும். அதனால மோட்டாரப் போல ரெண்டு மடங்குல ஒண்ணு போடுங்க, போதும்."

"இன்னும் பெரிதாகப் போட்டால்?"

"அதுவும் ஆபத்துதான் சார். வேலை பத்தாம இன்ஜின் சூடே ஏறாது. டீசல் பாதி எரியாம புகைக்குழாயில எண்ணெயா ஒழுகும்."

எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த மழைக்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். தலைவர் இருமுறை கனைத்தார்.

"அருமையான விளக்கம். நேரடியாகத் தொடங்கினால் ஆறு மடங்கு என்பது நம் வாரியத்தின் பழைய கொள்கை. டிரைவுக்கு இரண்டு மடங்கு என்பது புதிய அறிவியல். இரண்டையும் மதிப்பதுதான் நம் மரபு. ஆறை இரண்டால் பெருக்கிக்கொள்வோம்."

அந்தப் பெண் பாவம், திடுக்கிட்டுப் போனாள். "சார், டிரைவ் இருந்தா அந்த ஆறு மடங்கே கிடையாது. அதுக்குத்தானே டிரைவே வெச்சிருக்கீங்க!"

"இல்லாத ஒன்றுக்காக நாம் தயாராக இருப்பதில் என்ன தவறு?" என்று தலைவர் புன்னகை செய்தார். சுற்றிலும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், 'அக்கா, நீங்க தனியா மாட்டிக்கிட்டீங்க' என்பது எழுதி ஒட்டியிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. சிறிய எண்களைச் சொல்கிறவர்களைக் கூப்பிடுவதில்லையாம்.

பன்னிரண்டு மடங்கோடு விட்டார்களா என்றால், அதுதான் இல்லை. வாரியத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. அளவு எந்த அதிகாரியின் மேசைக்குப் போனாலும் அவர் பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டிவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு அனுப்புவார். கூட்டாமல் அனுப்பினால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர் என்று பெயர் வந்துவிடும். மின்பிரிவில் கூட்டினார்கள், அதை நான் ஒப்புக்கொண்டேன். இயந்திரப் பிரிவில் கூட்டினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். நிதிப் பிரிவுக்காரர் குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர்தான் எல்லோரையும்விட வேகமாகக் கூட்டினார், வளர்ச்சிக்குத் தடையாக இருந்தவர் என்று பின்னால் பேச்சு வரக்கூடாதாம். பிறகு அது தோட்டப் பிரிவுக்குப் போனது. தோட்டத்துக்கும் ஜெனரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

"புல்லு பக்கத்துல வைக்கப் போறாங்கள்ல?" என்றார் தோட்ட அதிகாரி, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

"அதுக்குக் கால் பங்கு கூட்டணுமா?"

"எல்லாரும் கூட்டியிருக்காங்க. நான் மட்டும் கூட்டலைன்னா எனக்கு அதிகாரம் இல்லைன்னு ஆயிடும்மா."

யாராவது ஒருவர் குறைத்திருக்கிறாரா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். முன்பு ஒரு இளம் அதிகாரி ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துக் குறைத்தாராம். இப்போது ஊருக்கு வெளியே துருப்பிடித்த குழாய்களுக்குக் காவலாக இருக்கிறாராம்.

"இங்க பாருங்கம்மா. கொறச்சவன் மாட்டிக்குவான். கூட்டினவன் எவனும் இதுவரைக்கும் மாட்டினதில்ல. ஜெனரேட்டர் பத்தலைன்னா யாரு கொறச்சதுன்னு கேப்பாங்க. பெரிசா போச்சுன்னா வாரியம் வளருதுன்னு சொல்லுவாங்க."

எத்தனை மேசை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஞ்சை உதறிக்கொண்டே கேட்டார், "அவங்க பம்புக்குப் போடறாங்களா, ஊருக்கே போடறாங்களா?" எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஜெனரேட்டர் வந்தது. வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். லாரி தெருவுக்குள் திரும்ப முடியாமல் இரண்டு சுற்றுச்சுவரை இடித்தார்கள். கிரேன் நிற்பதற்காக மழைநீர் ஓடுகிற சாக்கடையை மூடினார்கள். பம்ப் ஆப்பரேட்டர் உட்கார்ந்து டீ குடிக்கிற அறையை எடுத்துவிட்டார்கள், இடம் பற்றவில்லை. ஆப்பரேட்டர் நல்ல மனிதர், தெருவில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பம்பின் ஓரத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். பச்சைப் பெயிண்ட் அடித்து, கடைத்தெருக் கட்டடம் போல உயர்ந்து நின்றது ஜெனரேட்டர். அதன் பக்கத்தில் எங்கள் பம்ப், கல்யாண வீட்டில் தொலைந்துபோன குழந்தை மாதிரி தெரிந்தது.

ஓட்டிப் பார்க்கிற நாளில் அதற்கு மாலை போடுவதா வேண்டாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. பிறகு பொத்தானை அழுத்தினார்கள். அது உறுமிய உறுமலில் எங்கள் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பம்ப் ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் தெரு பிழைத்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான். புகைக்குழாயிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது, கீழே நின்ற தோட்ட அதிகாரியின் வெள்ளைச் சட்டையில். ஜெனரேட்டர் கம்பெனி மெக்கானிக் ஓடிவந்து நிறுத்தினார்.

"இதுக்கு வேலை பத்தல சார். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு இந்தப் பம்ப் எல்லாம் மூலையில ஒட்டின பொட்டு. இப்படியே ஓட்டினா சீக்கிரம் செத்துடும்."

அந்தப் பெண் பொறியாளர் முதல் நாளே சொன்னது இதுதான். அதை நான் அந்த இடத்திலேயே சொன்னேன். தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அப்போது அது ஒரு கருத்து. இப்போது அது ஒரு பிரச்சினை. நாம் பிரச்சினைகளைத்தான் தீர்க்க முடியும்" என்றார்.

உடனே சுமை தேடும் துணைக்குழு அமைந்தது. ஜெனரேட்டருக்குப் போதுமான வேலை தேடித் தருவது அதன் பொறுப்பு. வேலையில்லாமல் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு குழு போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. துணைக்குழு அலுவலகம் முழுக்க விளக்கு போட்டது. தலைவரின் அறைக்கு ஏசி போட்டது. அப்படியும் எண்ணெய் ஒழுகவே, ஏசிக்கு எதிரிலேயே ஒரு ஹீட்டர் வைத்தது. தலைவர் ஒரு பக்கம் விறைத்தும் மறுபக்கம் வியர்த்தும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். கடைசியில் ஒரு தனிக்கூடம் கட்டி, சுவர் நெடுக ஹீட்டர்களை மாட்டினார்கள். அவற்றால் எதையும் சூடாக்கப் போவதில்லை. மின்சாரத்தைச் சும்மா எரித்துத் தீர்ப்பதுதான் அவற்றின் வேலை. அதற்குப் போலிச் சுமை என்று பெயர். அந்தக் கூடத்தின் சூட்டை வெளியே தள்ள ராட்சத மின்விசிறிகள் வந்தன. விசிறிகளை ஓட்ட ஒரு தனி ஜெனரேட்டர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு அந்த வாரமே பதவி உயர்வு கிடைத்தது.

இப்போது ஜெனரேட்டர் ஒழுகாமல் ஓடியது. சரி, எப்படியோ ஓடினால் சரி, எங்களுக்குப் பம்ப்தானே முக்கியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் புது வார்டு திறக்கிறார்கள், கட்டிலெல்லாவற்றுக்கும் மெத்தை வேண்டும் என்றார்கள். சின்னச் சின்ன மெத்தை. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் அடைத்து முடித்துவிட்டு, தானே அதில் தலையை வைத்துப் பார்ப்பார், மேடு பள்ளம் இருக்கிறதா என்று. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கடையில் தரையிலிருந்து கூரைவரைக்கும் வெள்ளை மெத்தை. இது போய்ச் சேர்ந்தால் நாங்கள் எழுந்துவிடுவோம். ஊறிவிட்டால் கடையின் கதவை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நேரத்தில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு கருவியோடு வந்தார். அதில் ஒரு திரை. மின்சாரம் மேலும் கீழுமாக ஏறி இறங்கி ஓடுமாம், அது திரையில் அலை மாதிரி தெரியும். பம்பை நிறுத்திவிட்டு ஹீட்டர்களை மட்டும் ஓட்டினார். அலை வழவழவென்று, வகிடெடுத்து வாரிவிட்ட தலை மாதிரி வந்தது. பிறகு பம்பைப் போட்டார். டிரைவ் கடித்துக் கடித்துக் குடிக்கிறது அல்லவா, அலையின் உச்சியில் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னத் தழும்பு விழுந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதிகாரி உற்றுப் பார்க்கிறவர்.

குழு கூடியது. தலைவர் அன்றைக்கு மூன்று முறை கனைத்தார்.

"நண்பர்களே, இந்த நிலையத்தில் இத்தனை கருவிகள் இருக்கின்றன. ஹீட்டர்கள் அலையைக் கெடுக்கவில்லை. விளக்குகள் கெடுக்கவில்லை. என் அறையின் ஏசிகூட நாகரிகமாக நடந்துகொள்கிறது. அலையைக் கெடுக்கும் ஒரே கருவி எது?"

"பம்ப்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"அந்தப் பம்பை மட்டும் விலக்கிவிட்டால் நம்முடையது மாசற்ற அலை. பக்கத்து ஊர் வாரியங்கள் எதற்கும் இல்லாத பெருமை."

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. மைக்கை இழுத்துப் பிடித்துக் கேட்டேன். "சார், அந்தப் பம்புக்காகத்தானே ஜெனரேட்டரே வாங்கினீங்க?"

"வாங்கும்போது அப்படித்தான். ஆனால் ஒரு நிறுவனம் தன் தொடக்க நோக்கத்திலேயே தேங்கி நின்றுவிடக் கூடாது, அம்மா."

"தேங்கறது எங்க தெருவுல தண்ணி சார்!"

"உங்கள் உணர்வைக் குழு பாராட்டுகிறது" என்றார். குழுவும் மேசையைத் தட்டிப் பாராட்டியது. பம்ப் அறைக்குள், மின்வாரிய லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற கைப்பிடியின்மேல் ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள்: 'அலையின் தூய்மை காக்கப்படும் இடம். தொடாதீர்.' வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குத் தையல் ஒழுங்காக வரும். அன்றைக்குத் தைத்த உறைகளைப்போல் நேரான உறையை நான் எப்போதும் தைத்ததில்லை.

திறப்பு விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பம்ப் நிலையத்தின் முற்றத்தில் கொட்டகை, மேடை, நாற்காலி. மேடைக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைத் திரை. அலையை அதில் எல்லோரும் பார்க்கலாம். பொதுமக்கள் பிரதிநிதிக்கு முன்வரிசையில் இடம். வானம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு உட்கார முடியவில்லை. மெத்தைகளை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி வண்டி மறுநாள்தான் வருகிறது.

முதல் பேச்சு முடிவதற்குள் மழை கொட்டியது. சொல்லி வைத்த மாதிரி மின்சாரம் போனது. ஒரு நொடி இருட்டு, பிறகு ஜெனரேட்டர் உறுமியது, விளக்கெல்லாம் வந்தது. கூட்டம் கைதட்டியது. திரையில் அலை வழுக்கிக்கொண்டு ஓடியது. தலைவர் மேடையில் நின்று கையை விரித்தார்.

"இந்த அலையைப் பாருங்கள்! வாரியம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ தண்ணீரை இறைத்திருக்கிறோம். அதில் எதையாவது இன்று காட்ட முடியுமா? தண்ணீர் வரும், போகும். இந்த அலையைத்தான் வருங்காலத் தலைமுறைக்குக் காட்ட முடியும்!"

என் போன் அடித்தது. வீட்டுக்காரர். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்துகிற சத்தம்.

"தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. எல்லாரும் சேந்து மெத்தையத் தூக்கிக் கட்டில் மேல போட்டுக்கிட்டு இருக்கோம். எவ்வளவுதான் தூக்கறது? பம்ப் ஏன் ஓடல?"

"அலை கெட்டுடுமாம்."

"என்னது?"

போனைக் காதில் வைத்தபடியே எழுந்து பம்ப் அறைக்கு ஓடினேன். ஹீட்டர் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே சுவர் நெடுக ஹீட்டர்கள் செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தன, ஒரு மனிதருக்கும் உதவாமல். பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பம்ப் அறையில் ஆப்பரேட்டர் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தெருத்தண்ணீர் வந்து சேருகிற பம்ப் கிணற்றில் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது.

"அண்ணே, பம்பப் போடுங்க."

"கைப்பிடிய ஜெனரேட்டர் பக்கம் திருப்பினாத்தான் ஓடும் தங்கச்சி. அதத் தொட்டா என் வேலை போயிடும். என் பொண்ணு காலேஜ்ல படிக்குது." அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு தலைவரே வந்துவிட்டார். பின்னாலேயே குடைபிடித்தபடி குழு. தெருப் பெண்கள் சிலரும் முழங்கால்வரை நனைந்து வாசலில் வந்து நின்றார்கள். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், குரலைத் தணித்தார். முதன்முறையாகக் கனைக்காமல் பேசினார்.

"இங்க பாருங்கம்மா, பெரியவர் வந்திருக்கார், அசிங்கம் பண்ணிடாதீங்க. நான் ஒரு வழி சொல்றேன். ஜெனரேட்டர்ல போலிச் சுமை மட்டும்தான் இணைக்கலாம்னு தீர்மானம் இருக்கு. இந்தப் பம்பையும் ஒரு ஹீட்டர்னு சேத்துக்கறேன். பொதுமக்கள் பிரதிநிதியா நீங்க ஒரு வார்த்தை, 'இது ஹீட்டர்தான்'னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க. இப்பவே போடச் சொல்றேன்."

"ஹீட்டர்னா அலை கெடாதா சார்?"

"ஹீட்டர் அலையைக் கெடுக்காதுன்னு தரக் கட்டுப்பாடு சான்றே குடுத்திருக்கும்மா. அப்புறம் திரையில என்ன தெரிஞ்சாலும் அது திரையோட கோளாறு."

போன் இன்னும் காதில்தான் இருந்தது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லித் தொலையேன்! முதல் படி ஏறிடுச்சு! ஒரு வார்த்தைதானே!" என்றார். அந்த வெள்ளை மெத்தைகள் என் கண்முன் வந்தன. ஒரு வார்த்தைதான். சொன்னால் பம்ப் ஓடும், மெத்தை பிழைக்கும். சொல்ல வாயைத் திறந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் இவர்களை எனக்குத் தெரியும். இன்றைக்கு நான் ஹீட்டர் என்று சொல்லிவிட்டால், நாளையிலிருந்து இந்த நிலையத்தில் பம்ப் என்று ஒன்று கிடையாது. அடுத்த மழைக்கு வந்து கத்தினால், 'எந்தப் பம்ப்? உங்கள் பிரதிநிதியே ஹீட்டர் என்றாரே, ஹீட்டர் எப்படித் தண்ணீர் இறைக்கும்?' என்பார்கள். மேசையையும் தட்டுவார்கள். ஒரு மழைக்காக எங்கள் தெருவின் எல்லா மழையையும் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இது பம்ப்" என்றேன்.

"அம்மா, கொஞ்சம் நிதானமா..."

"தண்ணி இறைக்கற பம்ப். எங்க தெருவுக்குன்னு வெச்ச பம்ப். பம்பாவேதான் ஓடும்."

பலகையைப் பிடுங்கி எறிந்தேன். கைப்பிடி கனமாக இருந்தது, ஊறின மெத்தையைவிடக் கனம் இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து ஜெனரேட்டர் பக்கம் திருப்பினேன். டிரைவ் பெட்டியில் விளக்கு வந்தது, எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. பம்ப் முதலில் முனகியது, பிறகு மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. அந்தப் பெண் சொன்ன மாதிரியே, தூங்குகிறவரை அன்பாக எழுப்புவது போலத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் ஒரு இருமல்கூட இருமவில்லை.

திறந்த வாசல் வழியாகப் பார்த்தேன், கொட்டகையில் ஒரே சலசலப்பு. திரையில் அலையின் உச்சியில் சின்னத் தழும்பு விழுந்திருந்தது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார். மேலிடத்து அதிகாரி எழுந்து, திரையைக் காட்டி, "அது என்ன, அங்கே கொறித்த மாதிரி?" என்று கேட்டார்.

கைப்பிடியைப் பிடித்தபடியே கத்தினேன். "அது எங்க தெரு சார்! நல்லாப் பாத்துக்குங்க!"

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. வாரியச் சொத்தில் கை வைத்த குற்றம், குழுவிலிருந்து நீக்கம், போலீஸ் என்று வரிசையாகச் சொன்னார். கைப்பிடியை உடனே திருப்பு என்றார். நான் அதை விடவில்லை. நனைந்த தெருப் பெண்கள் உள்ளே வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எதிர்வீட்டு டெய்லரின் மனைவி, வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாதவள், "எவன் கை வைக்கறான்னு பாக்கறேன்" என்றாள்.

போனில் என் வீட்டுக்காரர் குரல் வந்தது, மூச்சிரைத்தபடி. "ஏறறது நின்னுடுச்சு. ரெண்டாவது படியோட நின்னுடுச்சு. என்னடி பண்ணின?"

"பம்பப் போட்டேன்."

"யாரு சொன்னாங்க போடச் சொல்லி?"

"யாரும் சொல்லல" என்றேன்.

தலைவர் கடைசியாக ஆப்பரேட்டர் அண்ணனிடம் திரும்பினார். "ஏன்யா பாத்துக்கிட்டு நிக்கற? அந்த டிரைவ் பெட்டிய நிறுத்து!"

அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து டிரைவ் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். பொத்தானில் விரலை வைத்துவிட்டு, தலைவரைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்தார்.

"இப்போ பாதி வேகத்துலதான் ஓடுது. முழு வேகத்துல விடட்டுமா தங்கச்சி?"

"விடுங்கண்ணே" என்றேன்.